இதர

போர்டு எழுதுகிறவர் 'நடுவர்' என்று எழுதிவிட்டுத்
தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தார்.
அழிக்கச் சொன்னேன்.
நடுவர் தீர்ப்புச் சொல்வார் அண்ணே,
நான் சொல்ல மாட்டேன்.
'அப்புறம் எதுக்கு நடுவுல உட்காரணும்?'
கேட்டுவிட்டு, மிச்சமிருந்த நீலத்தில்
'சமரசர்' என்று எழுதினார்.
இடம் போதாமல் கடைசி 'ர்'
சுவர் மூலையில் கொஞ்சம் மடங்கியிருக்கிறது.

அஸ்தம்பட்டி ரவுண்டானா பக்கம்.
கீழே ஜெராக்ஸ் கடை, மேலே நான்,
ஹேக் நகரத்திலிருந்து தபாலில் வந்த சான்றிதழ்.
பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த ஏட்டு
அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து,
'கட்டப் பஞ்சாயத்துக்கு இப்பல்லாம்
வெளிநாட்டுலயே சர்டிபிகேட் குடுக்கறாங்களா?' என்றார்.
அவருக்கும் ஒரு டீ சொன்னேன்.

இன்றைக்குப் பதினோரு மணிக்கு மிளகு.
பதினாலு டன், ஏற்காட்டிலிருந்து இஸ்மிருக்கு.
ஏறும்போது ஈரம் பதினோரு சதவீதம்,
இறங்கும்போது பதினைந்து. மூட்டையெல்லாம் பூஞ்சை.
நடுவில் இருந்தது கடல்.
கடல் கட்சிக்காரர் அல்ல.
அதற்கு நோட்டீஸ் அனுப்ப முடியாது.

திரையில் இரண்டு அறை திறந்து வைத்தேன்.
ஒன்றில் நாகலூர் இன்னாசிமுத்து,
சிக்னல் கிடைக்கிற வளைவில் ஜீப்பை ஓரங்கட்டி,
பின்னால் சில்வர் ஓக்கும் பனியுமாக.
மற்றதில் எம்ரே. அங்கே மணி எட்டரை,
நறுக்கிய தக்காளித் தட்டு பாதி தெரிகிறது.
இந்த அறையில் கேட்டது அந்த அறைக்குப் போகக் கூடாது.
கதவில்லாத இரண்டு அறைக்கு
நான்தான் சுவர்.

பிறகு இருவரையும் ஓர் அறைக்கு அழைத்தேன்.
முப்பது சதவீதம் குறைக்கச் சொன்னார் எம்ரே.
இன்னாசிமுத்து வெகுநேரம் பேசவில்லை.
ஏதோ பஸ் ஹாரன் அடித்து வளைவில் திரும்பியது.
பிறகு, 'பரவாயில்லை' என்றார்.

மொழிபெயர்ப்பு இயந்திரம்
(இந்த வருஷம்தான் சேர்த்தேன், மாதச் சந்தா)
அரை நொடியில் அதைச் 'சம்மதம்' ஆக்கியது.
எனக்கான ஆங்கில வரி அடியில் ஓடியது.
எம்ரே பேனாவை எடுத்துவிட்டார்.

யோசனை சொல்லாதே, யார் பக்கமும் சாயாதே
என்கிறது விதிப் புத்தகம்.
ஆனால் பரவாயில்லை!
கடன் வாங்கியவன் முகத்தைத் திருப்பும்போது அதுதான்,
காலை மிதித்தவனிடம் அதுதான்,
என் கல்யாணம் முறிந்த அன்று
அப்பா போனில் சொன்னதும் அதுதான்.

கேள்வி கேட்கலாம். கேள்வி மட்டும்.
'ஐயா, எது பரவாயில்லை?'

'பணம் போனாப் போகுதுங்க.
நாலு வெயில் காய வெச்சேன்.
ஈரத்தோட ஏத்திட்டேன்னு எழுதியிருக்காரே,
அதைச் சொல்றேன்.'

எம்ரே பேனாவை வைத்தார், தட்டை நகர்த்தினார்.
'என் மாமனார் அத்தி காய வைக்கிறவர்' என்றார்.
சம்பந்தமில்லாத வாக்கியம் என்று
இயந்திரம் மஞ்சள் கோடு போட்டது.

ஒப்பந்தம், மூன்றாம் பிரிவு:
சரக்கு காய்ந்தே ஏற்றப்பட்டது.
நான்காம் பிரிவு: இருபத்திரண்டு சதவீதம்.
மூன்றாவதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார் இன்னாசிமுத்து.
நான்காவதைக் கேட்டாரா என்றே தெரியவில்லை.

இந்தத் தாள் எந்தக் கோர்ட்டில் செல்லும் என்று
என்னைக் கேட்காதீர்கள்.
சிங்கப்பூர் உடன்படிக்கையில்
நம் நாடு கையெழுத்துப் போட்டுவிட்டு
யோசித்துக்கொண்டே இருக்கிறது.
அதுவும் ஒரு பரவாயில்லைதான்.

குறிப்புகளைக் கிழித்தேன், அதுவும் விதி.
இயந்திரத்தின் நினைவை அழித்தேன்,
அழிந்துவிட்டதாக அது சொல்லியது.
படியிறங்கும்போது ஜெராக்ஸ் தம்பி,
'யாருக்கா ஜெயிச்சது?'

மறுவாரம் பேங்கில் டாலர் வந்திருந்தது, இருநூற்றுச் சொச்சம்.
படிவம் கேட்டது: என்ன சேவைக்கு?
சட்டம். ஆலோசனை. மென்பொருள். இதர.
நான் வாதாடவில்லை. யோசனை சொல்லவில்லை.
போய்க்கொண்டிருந்த ஒரு சொல்லை
நிறுத்தி விசாரித்தேன்,
அதற்கு என்ன கட்டம்?
'சீக்கிரம் மேடம், கவுண்டர் மூடணும்.'

இதர.